ஆளில்லாத குன்றுக்கு இரண்டு எம்.பி.க்கள்

தெற்கு இங்கிலாந்தில் சாலிஸ்பரி நகரத்துக்கு வெளியே புல் மண்டிய ஒரு மேடு இருக்கிறது. ஓல்டு சேரம் என்று பெயர். ஒரு காலத்தில் அதன்மேல் கோட்டையும் தேவாலயமும் ஊரும் இருந்தன. 13ஆம் நூற்றாண்டில் தேவாலயம் கீழே சமவெளிக்கு இடம்பெயர்ந்தது. ஊரும் பின்னாலேயே இறங்கிப் போய்விட்டது. மேட்டில் மிஞ்சியவை இடிந்த சுவர்களும் ஆடு மேயும் புல்லும்தான். ஆனாலும் அந்த மேடு 1832 வரை லண்டன் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஓட்டுரிமை பெற்றவர்கள் ஒரு டஜன் பேர்கூடத் தேறமாட்டார்கள். அவர்களிலும் அங்கே குடியிருந்தவர் எவருமில்லை. தேர்தல் நாளில் வந்து, ஓர் எல்ம் மரத்தடியில் காரியத்தை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

அதே நாட்டில் மான்செஸ்டர் இருந்தது. உலகத்துக்கே துணி நெய்த அந்த நகரத்தின் மக்கள்தொகை 1831இல் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. நகரத்துக்கென்று ஓர் உறுப்பினர்கூடக் கிடையாது. பர்மிங்காம், லீட்ஸ், ஷெஃபீல்டு நகரங்களுக்கும் இதே கதிதான்.

இந்த அபத்தத்தை 1832இல் ஒரு சட்டம் திருத்தியது, ஜனநாயகம் படிப்படியாக வளர்ந்தது என்று பள்ளிப் பாடம் சொல்லும். பொய் இல்லை. ஆனால் பாடமாகப் படிக்கும்போது வெறும் ஆண்டுகளின் வரிசைதான் மனத்தில் நிற்கிறது: 1832, 1867, 1884, 1918. எதைப் பற்றி இத்தனை காலம் சண்டை போட்டார்கள் என்பது புரிவதில்லை. எனக்கு அது புரியத் தொடங்கியது ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான். ஓட்டு என்பது சொத்தோடு வருவதா, ஆளோடு வருவதா?

சொத்தோடு வருவது என்றுதான் பழைய இங்கிலாந்து பதில் சொல்லியிருக்கும். அதுவும் உவமையாக அல்ல, பத்திரப்பதிவு மாதிரி.

கவுண்டி எனப்படும் மாவட்டங்களில் 1430இல் போட்ட விதியே 400 ஆண்டுகள் நடப்பில் இருந்தது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானம் தரும் சொந்த நிலம் இருந்தால் ஓட்டு உண்டு. பரோ எனப்படும் நகரத் தொகுதிகளில் ஊருக்கொரு வழக்கம். சில இடங்களில் நகராட்சிக் குழுவில் இருந்த இருபது முப்பது பேருக்கு மட்டுமே ஓட்டு. சில இடங்களில் குறிப்பிட்ட உள்ளூர் வரியைக் கட்டியவர்களுக்கு. இன்னும் சில இடங்களில் தனி அடுப்பு மூட்டிப் பானையைக் கொதிக்க வைக்கிற ஆண் யாராக இருந்தாலும் ஓட்டு. அவர்களுக்குப் 'பானை கொதிக்க வைப்பவர்கள்' என்றே பெயர். அந்த ஊர்களில் சாதாரணத் தொழிலாளிகூட ஓட்டுப் போட்டான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஓல்டு சேரம் வேறு வகை. அங்கே ஓட்டு சில குறிப்பிட்ட மனைகளோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதை இன்ன வீட்டுக்கு என்று இருக்குமே, அப்படி. வீடு இடிந்தாலும் மரியாதை போகாது. மனையை வாங்கினால் ஓட்டையும் வாங்கியதாக அர்த்தம். எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள் அவர் மடியில். இப்படித் தேய்ந்துபோன தொகுதிகளை 'அழுகிய தொகுதி' என்றும், ஒரே ஆளின் பிடியில் இருந்தவற்றைச் 'சட்டைப்பைத் தொகுதி' என்றும் சீர்திருத்தக்காரர்கள் கேலி செய்தார்கள். சஃபோக் கரையில் இருந்த டன்விச் என்ற துறைமுகத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. ஊர் தண்ணீருக்குள் போன பிறகும் அதன் இரண்டு உறுப்பினர்கள் கரையேறி லண்டனுக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நம் ஊர்ப் பணம்

1691இல் ஓல்டு சேரத்தை வாங்கியவர் தாமஸ் பிட். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமலே இந்தியாவில் வணிகம் செய்து பணம் சேர்த்தவர். அவரை அடக்க முடியாத கம்பெனி கடைசியில் அவரையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1698 முதல் 1709 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர் அவர்தான். கோல்கொண்டா பகுதிச் சுரங்கத்திலிருந்து வந்த 410 காரட் வைரம் ஒன்றைச் சென்னையில் வாங்கி, பட்டை தீட்டி, 1717இல் பிரெஞ்சு அரசுக்கு விற்றார். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735இல் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது தாத்தா வாங்கிப்போட்ட அந்த மேட்டின் வழியாகத்தான். அவர் பின்னால் பிரதமராக வந்தார்.

இதைவிடக் கசப்பான கதை ஆற்காட்டுக் கடன். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆற்காட்டு நவாப் முகமது அலி, சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே கொள்ளை வட்டிக்குக் கடன் வாங்கினார். ஈடாகக் காட்டியது கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட தன் ஆற்காட்டுச் சீமையின் நிலவரியை, அதாவது நம் உழவர்களின் விளைச்சலை. கடன் கொடுத்தவர்களில் பெரிய கை பால் பென்ஃபீல்டு. கடன்கள் செல்லுமா என்று விசாரிக்கும் அதிகாரம் லண்டனில் இருந்தது. எனவே பென்ஃபீல்டு லண்டனில் முதலீடு செய்தார். 1785 பிப்ரவரி 28 அன்று உறுப்பினரும் அரசியல் சிந்தனையாளருமான எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் எழுந்து, முந்தைய நாடாளுமன்றத்தில் பென்ஃபீல்டு தன்னையும் சேர்த்து எட்டு உறுப்பினர்களை உருவாக்கியிருந்தார் என்று குற்றம்சாட்டினார். விசாரணையே இல்லாமல் கடன்களை ஒப்புக்கொண்டது அரசு. ஒட்டிய வயிற்றோடு தஞ்சையிலும் ஆற்காட்டிலும் கட்டிய வரி, ஆள் இல்லாத ஆங்கிலேயத் தொகுதிகளின் விலையாக மாறியது.

வேடிக்கை என்னவென்றால், இதைக் கண்டித்த பர்க்கே தொகுதிச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர். அவர் உட்கார்ந்திருந்த மால்டன் தொகுதியும் ஒரு பிரபுவின் சட்டைப்பையில் இருந்ததுதான்.

எதிர்த்தவர்கள் முட்டாள்கள் அல்லர்

பர்க் போன்ற ஒரு மூளை ஏன் எதிர்த்தது? அவர்கள் தரப்பைக் கேட்காமல் இந்த விவாதம் புரியாது.

முதல் வாதம், உறுப்பினர் என்பவர் ஊரின் தூதர் அல்லர், தேசம் முழுமைக்கும் பிரதிநிதி. மான்செஸ்டருக்கு உறுப்பினர் இல்லாவிட்டால் என்ன, பருத்தி வணிகத்தின் நலனைப் பேச அவையில் யாராவது இருப்பார்கள். இதை 'மறைமுகப் பிரதிநிதித்துவம்' என்றார்கள். அமெரிக்கக் குடியேற்றக்காரர்களுக்கும் இதே மருந்தைத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று அவர்கள் துப்பிவிட்டார்கள். இரண்டாவது வாதம், சட்டைப்பைத் தொகுதிகள் இருப்பதால்தான் பணமும் பரம்பரையும் இல்லாத திறமைசாலி இளைஞர்கள் உள்ளே வர முடிகிறது. பர்க்கே சாட்சி. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. மூன்றாவது வெறும் பயம். 1789 புரட்சிக்குப் பிறகு பிரான்சில் நடந்ததைப் பார்த்தீர்களா?

இவற்றுக்கெல்லாம் அடியில் கிடந்தது பழைய வாதம் ஒன்று. 1647 அக்டோபரில், உள்நாட்டுப் போரில் மன்னரைத் தோற்கடித்த படையினர் லண்டனுக்கு அருகே பட்னி என்ற ஊரின் தேவாலயத்தில் கூடி, இனி நாட்டை எப்படி நடத்துவது என்று பேசினார்கள். இங்கிலாந்தின் மிக ஏழை மனிதனுக்கும் வாழ ஓர் உயிர் இருக்கிறது, பெரிய மனிதனுக்கு இருப்பதைப் போலவே என்றார் கர்னல் ரெயின்ஸ்பரோ. ஆகவே ஒருவன் சம்மதிக்காத அரசு அவனைக் கட்டுப்படுத்தாது. குரோம்வெல்லின் மருமகன் அயர்ட்டன் மறுத்தார். நாட்டில் நிலையான சொத்து உள்ளவனுக்கே நாட்டின் காரியத்தில் பங்கு. இல்லாவிட்டால், ஓட்டை வைத்துக்கொண்டு இல்லாதவன் இருப்பவனின் சொத்தைப் பிடுங்கச் சட்டம் போட்டுவிட மாட்டானா? அடுத்த முந்நூறு ஆண்டுச் சண்டை இந்த இரண்டு பேச்சுகளின் நீட்சிதான் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், ஆனால் கொஞ்சம்தான்.

தொகுதி எந்த அளவுக்குச் சொத்தாகக் கருதப்பட்டது என்பதற்கு ஒரு கணக்கு. 1785இல் பிரதமராக இருந்த இளைய பிட், அந்த வைர பிட்டின் கொள்ளுப்பேரன், ஒரு சீர்திருத்த மசோதா கொண்டுவந்தார். 36 அழுகிய தொகுதிகளின் இடங்களை எடுத்துவிட்டு, உடைமைக்காரர்களுக்குப் பத்து லட்சம் பவுண்டு இழப்பீடு கொடுப்பது திட்டம். அதுவும் 248க்கு 174 என்று தோற்றது. 1800இல் அயர்லாந்தைப் பிரிட்டனோடு இணைத்தபோது நிஜமாகவே கொடுத்தார்கள். ஒழிக்கப்பட்ட 84 அயர்லாந்துத் தொகுதிகளுக்கும் தலா 15,000 பவுண்டு. அந்த ஊர்களின் மக்களுக்கு அல்ல, தொகுதியை வைத்திருந்த கனவான்களுக்கு.

மூன்று மசோதா, இரண்டு கலகம்

நெப்போலியனோடு போர் முடிந்ததும் வேலையின்மையும் தானிய விலையும் சேர்ந்து தெருவைக் கொதிக்க வைத்தன. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 பேர் ஓட்டுரிமை கேட்டுக் கூடினார்கள். சீர்திருத்தப் பேச்சாளர் ஹென்றி ஹன்ட் பேசத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே குதிரைப்படை வாளோடு புகுந்தது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோருக்குக் காயம். நான்கு ஆண்டுக்கு முன் வாட்டர்லூவில் பெற்ற வெற்றியைக் குத்திக்காட்டி மக்கள் இதற்குப் 'பீட்டர்லூ' என்று பெயர் வைத்தார்கள்.

1830 நவம்பரில், வாட்டர்லூ வீரரும் பிரதமருமான வெலிங்டன் பிரபு, இப்போதிருக்கும் முறையைவிடச் சிறந்த ஒன்றை யோசிக்கவே முடியாது என்ற பொருளில் பேசினார். இரண்டு வாரத்தில் ஆட்சி கவிழ்ந்தது. சீர்திருத்தத்தை ஆதரித்த விக் கட்சியின் கிரே பிரபு பிரதமரானார். 1831 மார்ச் 1 அன்று ஜான் ரஸ்ஸல் மசோதாவை வைத்து, ஒழியப்போகும் தொகுதிகளின் பெயர்களைப் படிக்கப் படிக்க எதிர் வரிசையில் சிரிப்பலை. இழப்பீடு ஒரு பென்னிகூடக் கிடையாது என்று புரிந்தபோது சிரிப்பு நின்றது. இது பட்டப்பகல் கொள்ளை என்று எதிர்க்கட்சியான டோரிகள் கத்தியதில் அவர்கள் கண்ணோட்டப்படி நியாயம் இருந்தது. சொத்தாக இருந்த ஒன்று சொத்தே இல்லை என்று அன்றுதான் முதன்முறையாக அரசே சொன்னது. என்னைக் கேட்டால் 1832இன் உண்மையான புரட்சி புதிய வாக்காளர்கள் அல்லர், இந்தப் பூஜ்யம்தான்.

இரண்டாம் வாசிப்பு எனப்படும் கட்ட வாக்கெடுப்பில் ஆதரவாக 302, எதிராக 301. ஒரே ஓட்டு. பிறகு ஒரு திருத்தத்தில் தோற்று, அவை கலைந்து, தேர்தலில் விக்குகள் பெரும்பான்மையோடு திரும்பினார்கள். இரண்டாவது மசோதா கீழவையைத் தாண்டியது. அக்டோபர் 8 அன்று மேலவையான பிரபுக்கள் சபை அதை 41 ஓட்டில் தோற்கடித்தது. எதிர்த்தவர்களில் 21 பேர் அந்தச் சபையில் இடம்பெற்றிருந்த திருச்சபை ஆயர்கள். கணக்குப் போடத் தெரிந்த எவருக்கும் கோபம் வரும், அந்த 21 பேர் மறுபக்கம் போயிருந்தால் மசோதா ஓர் ஓட்டில் பிழைத்திருக்கும். பிரிஸ்டலில் மூன்று நாள் கலகத்தில் ஆயரின் மாளிகை எரிந்தது. நாட்டிங்காமில் நியூகாசில் பிரபுவின் கோட்டை மாளிகை எரிந்தது. இந்த நியூகாசில் பிரபு, தன் வேட்பாளருக்கு எதிராக ஓட்டுப் போட்ட நியூவார்க் குடியிருப்பாளர்களை 1829இல் வீட்டைவிட்டு விரட்டியவர். கேட்டபோது, எனக்குச் சொந்தமானதை என் விருப்பப்படி செய்யக்கூடாதா என்று திருப்பிக் கேட்டவர்.

மூன்றாவது மசோதாவையும் பிரபுக்கள் முடக்கப் பார்த்தபோது, 1832 மே மாதம் கிரே பதவி விலகினார். வெலிங்டன் திரும்பிவரக்கூடும் என்ற செய்தி பரவியதும், பிரபுவை நிறுத்த வேண்டுமா, வங்கியிலிருந்து தங்கத்தை எடுங்கள் என்று சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. ஃபிரான்சிஸ் பிளேஸ் என்ற தையல்காரரின் யோசனை அது. மக்கள் நிஜமாகவே காகிதப் பணத்தைக் கொடுத்துப் பொன் வாங்கத் தொடங்கினார்கள். வெலிங்டனால் அமைச்சரவை அமைக்க முடியவில்லை. வேண்டுமானால் புதுப் பிரபுக்களை நியமித்து எண்ணிக்கையை நிரப்புவதாக மன்னர் நான்காம் வில்லியம் வாக்களித்தார். அதைக் கேட்டதும் எதிர்ப்பு அடங்கியது. ஜூன் 7 அன்று சட்டமானது.

கிடைத்தது என்ன

56 தொகுதிகள் அடியோடு ஒழிந்தன. 30 தொகுதிகள் ஆளுக்கோர் இடத்தை இழந்தன. மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும் லீட்ஸுக்கும் உறுப்பினர்கள் வந்தார்கள். நகரங்களில் ஆண்டு வாடகை மதிப்பு 10 பவுண்டு உள்ள வீட்டில் இருப்பவனுக்கு ஓட்டு என்று ஒரே விதி வந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐந்து ஆண்களில் ஏறக்குறைய ஒருவருக்கு ஓட்டு கிடைத்தது.

மற்ற நான்கு பேர்? பீட்டர்லூவில் வெட்டுப்பட்ட நெசவாளிக்கு இந்தச் சட்டம் எதையும் தரவில்லை. பானை கொதிக்க வைப்பவர்களை நினைவிருக்கிறதா? அந்த ஊர்களில் ஏற்கெனவே ஓட்டு வைத்திருந்தவர்களுக்கு அவர்கள் ஆயுள்வரை விட்டுவைத்து, அவர்கள் பிள்ளைகளுக்கு இல்லை என்றாக்கியது. தனித்தனித் தொகுதிகள் சொத்தாக இருந்ததை ஒழித்தார்கள். ஆனால் ஓட்டுக்குச் சொத்து வேண்டும் என்பதை முன்னைவிட உறுதியாக்கினார்கள். கிரேயும் நண்பர்களும் இதை ஒளிக்கவில்லை. மெக்காலே, ஆம், நம் கல்வி வரலாற்றில் வருகிற அதே மெக்காலே, காப்பாற்றிக்கொள்ள வேண்டுமானால் சீர்திருத்துங்கள் என்று அவையில் முழங்கினார். நடுத்தர வர்க்கத்தை உள்ளே விட்டால் அது கதவைச் சாத்த உதவும் என்பதுதான் கணக்கு. அவர் அதைப் பேசியபோது உட்கார்ந்திருந்தது லான்ஸ்டவுன் பிரபுவின் சட்டைப்பைத் தொகுதியான கால்னுக்காக.

இன்னொன்றும் செய்தார்கள். 'ஆண்' என்ற சொல்லைச் சட்டத்தில் எழுதினார்கள். அதுவரை பெண்களுக்கு ஓட்டு இல்லாதது வழக்கம், இப்போது சட்டம். இரண்டு மாதத்தில், ஆகஸ்ட் 3 அன்று, யார்க்ஷயரின் மேரி ஸ்மித் என்ற சொத்துள்ள பெண்ணின் மனுவை ஒருவர் அவையில் சமர்ப்பித்தார். நானும் வரி கட்டுகிறேன், சட்டம் என்னையும் தண்டிக்கிறது, எனக்கு ஏன் ஓட்டு இல்லை? சொத்துதான் அளவுகோல் என்றால் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அவை சிரித்துத் தள்ளியது. மனுவைக் கொண்டுவந்தவர் பீட்டர்லூவில் பேச்சை முடிக்க விடாமல் பிடிக்கப்பட்ட ஹென்றி ஹன்ட். அதே ஆண்டுத் தேர்தலில் அவர் தோற்றார்.

ஏமாந்த தொழிலாளர்கள் 1838இல் 'மக்கள் சாசனம்' எழுதினார்கள். வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் ஓட்டு, ரகசிய வாக்கெடுப்பு, உறுப்பினராகச் சொத்துத் தகுதி கூடாது, உறுப்பினருக்குச் சம்பளம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். 1842இல் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளோடு மனு வந்தது. எதிர்த்துப் பேசியவர்களில் மெக்காலே முக்கியமானவர். எல்லாருக்கும் ஓட்டு என்பதும் நாகரிகம் என்பதும் ஒன்றாக இருக்க முடியாது, ஏனென்றால் நாகரிகம் சொத்தின் பாதுகாப்பில் நிற்கிறது என்றார். 1647இன் அயர்ட்டன் எழுந்துவந்து பேசியது போலிருக்கிறது. அந்த ஆறு கோரிக்கைகளில் ஆண்டுத் தேர்தல் தவிர ஐந்தும் பின்னால் நிறைவேறின.

ரகசிய வாக்கெடுப்பு பற்றி மட்டும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இது நாம் நினைப்பதைவிட வினோதமான விவாதம். 1872 வரை வாக்காளர் மேடையேறி வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். யார் யாருக்குப் போட்டார் என்று அச்சிட்டு விற்பார்கள். நியூகாசில் பிரபுவுக்கு இது எவ்வளவு வசதி! ஆனால் ரகசியத்தை எதிர்த்தவர்களில் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லும் உண்டு. ஓட்டு என்பது சொத்தல்ல, பிறர் சார்பாக ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ஆகவே ஓட்டில்லாதவர்கள் கண்முன்னே அதைச் செலுத்த வேண்டும் என்றார். நல்ல வாதம். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு மட்டும் உதவாத வாதம். 1867இல் சட்டத்தில் 'ஆண்' என்ற இடத்தில் 'நபர்' என்று மாற்றச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தவரும் இதே மில்தான், 73 பேர் ஆதரித்தார்கள். பிரிட்டனின் நாடாளுமன்றத் தேர்தலில் முதல் ரகசிய வாக்கெடுப்பு 1872 ஆகஸ்டில் பாண்டஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்தது. அதிமதுர மிட்டாய்க்குப் பெயர்பெற்ற ஊர். வாக்குப்பெட்டியை அரக்கால் மூடி, மிட்டாய் ஆலையின் முத்திரையைக் குத்தினார்கள்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1867 நகரத் தொழிலாளிக்கும் 1884 கிராமத் தொழிலாளிக்கும் பெருமளவு ஓட்டைக் கொடுத்தன. 1918இல் 21 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும், 30 வயதைக் கடந்த, குறிப்பிட்ட சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கும் கிடைத்தது. 1928இல்தான் பெண்களுக்கும் 21 வயது. மூன்றே ஆண்டில் பிரிட்டனின் குடியேற்ற நாடான இலங்கை 1931இல் ஆண் பெண் இருபாலாருக்கும் 21 வயதில் வாக்குரிமையோடு தேர்தல் நடத்தியது. அதை எதிர்த்தவர்களில் சர் பொன்னம்பலம் இராமநாதன் முன்வரிசையில் நின்றார். மலையகத் தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டும் என்ற முள்வேலி வைக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1921இல் பெண்களுக்கு ஓட்டுக் கிடைத்தபோதும், வரி கட்டும் சொத்துள்ள ஆண்களுக்கு இருந்த அதே தகுதி அவர்களுக்கும் வேண்டியிருந்தது. 10 பவுண்டு வீடு கப்பலேறி இங்கே நிலவரியாக இறங்கியிருந்தது.

பிரிட்டனிலேயே சொத்து முழுதாக வெளியேற இன்னும் காலம் பிடித்தது. வேறு தொகுதியில் கடையோ அலுவலகமோ வைத்திருந்தால் இரண்டாவது ஓட்டு, பல்கலைக்கழகப் பட்டம் இருந்தால் அதற்கொரு தனி ஓட்டு என்பவை 1948இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டன. ஆளுக்கு ஒரே ஓட்டு என்ற விதியில் பிரிட்டன் சந்தித்த முதல் பொதுத்தேர்தல் 1950 பிப்ரவரியில் நடந்தது. இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் தொடங்கியது 1951 அக்டோபரில்.

நாடாளுமன்றத்திலிருந்து தேம்ஸ் நதியோரமாகக் கிழக்கே நடந்தால், வங்கிகள் நெருக்கியடித்து நிற்கும் 'சிட்டி ஆஃப் லண்டன்' வரும். அதன் உள்ளாட்சித் தேர்தலில் இன்றும் நிறுவனங்களுக்கு ஓட்டு உண்டு. எத்தனை ஊழியர்கள் இருக்கிறார்களோ அதற்கேற்ப நிறுவனம் வாக்காளர்களை நியமித்துக்கொள்ளலாம். அங்கே குடியிருப்பவர்களைவிட அந்த வாக்காளர்களே அதிகம்.